ஒன்பது கல்யாணம் சாப்பிட்டவர்

ஒரே ஆள் ஒன்பது கல்யாணங்களுக்குச் சாட்சி. அதில் இரண்டு ஒரே நாளில் நடந்தவை. ஒன்று நாகர்கோவிலில், இன்னொன்று கொல்லத்தில்.

அந்த ஒன்பது ஃபைல்களையும் மேஜைமேல் அடுக்கி வைத்துக்கொண்டு ஓமனா காத்திருந்தாள். திருவனந்தபுரத்தில், பழைய பட்டாளக்காரர்களின் விதவைகளுக்குப் பென்ஷன் தரும் அலுவலகத்தில் அவளுக்கு இருபது வருஷ சர்வீஸ். பொய் என்று தெரிந்து ஒரு வரிகூட எழுதியதில்லை. தேதி போடாத மனுவைப் பாறசாலையிலிருந்து பஸ் ஏறி வந்த கிழவியிடமே திருப்பிக் கொடுத்தவள் என்று அலுவலகத்தில் பேர். பெண்ணானாலும் அங்கே வருகிறவர்களுக்கு அவள் 'சார்'தான்.

1941-இல் யார் கல்யாணத்தைப் பதிவு செய்தார்கள்? ஆகவே, உலக யுத்தத்துக்குப் போய் வந்தவரின் மனைவி இவள்தான் என்று, கல்யாணத்துக்கு நேரில் போன ஒருவர் எழுதிக் கொடுக்கவேண்டும். எட்டு விதவைகளுக்கு எழுதிக் கொடுத்தவர் ரிட்டயர்டு ஹவில்தார் கோமதிநாயகம். எட்டுப் பேருக்கும் பென்ஷன் ஆகிவிட்டது. ஒன்பதாவது, கரமனையிலிருந்து வந்திருக்கும் மாடம்மாள். புருஷன் திரவியம் யுத்தத்திலிருந்து திரும்பி, ஆரியசாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கி, இறந்துபோய் இருபத்தைந்து வருஷம்.

இன்று பிடித்தால் ஒன்பதும் ரத்து. ஹவில்தார் மேல் கேஸ்.

மாடம்மாளை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு, கோமதிநாயகத்தைத் தனியாகக் கூப்பிட்டாள். எழுபத்தெட்டு வயது. தலை முழுக்க வெள்ளை, மீசைக்கு மட்டும் மை.

ஒரே நாளில் இரண்டு கல்யாணம் எப்படி என்று கேட்டாள். ஒன்று காலை முகூர்த்தம், மற்றது சாயங்காலம், நடுவில் பஸ் இருந்தது என்றார் அவர் அலுங்காமல்.

திரவியத்தின் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டாள். எந்தக் கோயில், தாலி கட்டும்போது மழை பிடித்தது, மாப்பிள்ளை போட்டிருந்தது இரவல் சட்டை என்று எல்லாம் சொன்னார். சாப்பாட்டுக்கு வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். அவியல், எரிசேரி, போளி, பால் பாயசம், கடைசியில் சக்கைப் பிரதமன் என்கிற பலாப்பழப் பாயசம். பிரதமனில் தேங்காய்ப்பல் நெய்யில் எந்த நிறத்துக்கு வறுபட்டிருந்தது என்பதுவரை சொன்னார்.

அடுத்து, அவரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, மாடம்மாளை உள்ளே அழைத்து அதே கேள்விகளைக் கேட்டாள். கோயில் சரி. மழை சரி. இரவல் சட்டையும் சரிதான்.

"சாப்பாட்டுக்கு என்ன பாயசம் அம்மச்சி?"

"பாயசமா?" மாடம்மாள் சிரித்துவிட்டாள். "மரச்சீனிக் கிழங்கும், தொட்டுக்க மொளகு அரைச்ச சம்மந்தியும்தான் மோளே. கடைசிப் பந்திக்குச் சம்மந்தியும் தீந்துபோச்சு."

ஓமனா பேனாவை மூடினாள்.

"ஹவில்தாரே, இவங்க கல்யாணம் நடந்த மாசம் நீங்க சிங்கப்பூர்ல இருந்ததா உங்க டிஸ்சார்ஜ் புக்கு சொல்லுது. அங்கேயிருந்தும் பஸ் இருந்துதா?"

அவர் மை பூசிய மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார். பிறகு சொன்னார்.

"இந்த ஒன்பதுல ஒரு கல்யாணத்துக்கும் நான் போனதில்ல சாரே."

சிங்கப்பூரில் ஜப்பான்காரனிடம் பிடிபட்டு, கப்பலில் ஏற்றப்பட்டு ஏதோ ஒரு தீவில் இறக்கப்பட்டதைச் சொன்னார். ஒரே குடிசையில் பத்துப் பேர். நாள் முழுக்க மரம் சுமந்தால் ஆளுக்கு ஒரு பிடி அரிசி. பசி தாங்காமல் ஒரு விளையாட்டு ஆரம்பித்தார்களாம். தினமும் சாயங்காலம் ஒருவன் தன் கல்யாணத்தை நடத்தவேண்டும். தாலி கட்டி, பந்தி போட்டு, வாயாலேயே பரிமாறவேண்டும். மற்றவர்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஊறுகாய் வைக்க மறந்தவனை ஒருநாள் அடிக்கவே போய்விட்டார்களாம்.

"ஒன்பது பேருக்கும் கல்யாணம் ஆகியிருந்தது, எனக்கு ஆகல. அதனால மூணு வருஷம் நான் உக்காந்து சாப்பிட்டது மட்டும்தான். திரவியத்தோட பந்தின்னா பிரதமனை எல்லாரும் ரெண்டாம் தடவை கேப்போம். அவனும் சலிக்காம ஊத்துவான். பத்துப் பேரும் உசுரோட திரும்பினோம். இப்போ நான் ஒருத்தன்தான் மிச்சம். ஒரு வீட்லயும் மொய் வைக்கல சாரே. கையெழுத்தாவது போடுவோம்னு போட்டேன்."

மாடம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. தீவு என்று ஒன்று இருந்ததையே அந்த மனுஷன் வீட்டில் சொன்னதில்லை என்றாள்.

"கடைசிப் பந்திக்குச் சம்மந்தி தீந்துபோச்சேன்னு எங்க அம்மை சாகுற வரைக்கும் வெசனப்பட்டா. இதைக் கேட்டிருந்தா..." என்றாள்.

ஓமனா இரண்டு பேரையும் கேன்டீனில் சாயா குடித்துவிட்டு வரச்சொன்னாள். போகும்போது கோமதிநாயகம், எட்டுப் பேருடையதையும் நிறுத்திவிடுவீர்களா என்று கேட்டார். அவள் ஒன்பதாவது ஃபைலைத் திறந்துகொண்டிருந்தாள்.

விசாரணைப் படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. 'சாட்சி மேற்படி திருமணத்தில் கலந்துகொண்டாரா?'

அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு பேனாவைத் திறந்து, இருபது வருஷமாக எழுதும் அதே திருத்தமான எழுத்தில் எழுதினாள்:

'ஆம். மேற்படி திருமணத்தில் சாட்சி பலமுறை சாப்பிட்டுள்ளார். நேரில் விசாரித்து உறுதி செய்யப்பட்டது.'