தண்ணீர் அடி

திரையில் கல் தெரிந்தது. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். அதற்குத்தான் இத்தனை ஆட்டம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பஞ்சாட்சரம் சட்டையில்லாமல் படுத்திருந்தார். மெஷினிலிருந்து உப்பி வந்த ரப்பர் பை ஒன்று அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பை நிறையத் தண்ணீர்.

இந்தப் பக்கம் அவர் மகள் ஜீவிதா பாட்டிலும் கையுமாக நின்றாள். காலையிலிருந்து இது மூன்றாவது பாட்டில்.

"கத்தி கெடையாதாண்ணா? வெறும் தண்ணியா?"

"தண்ணிதாம்மா" என்றார் மெஷினை இயக்கும் ஜெபகுமார். "அதுல ஒரு அதிர்ச்சியைக் கெளப்பி உடுவோம். ஒடம்பும் பாதிக்கு மேல தண்ணிதான? தண்ணிக்குத் தண்ணி வழி உட்டுடும். கல்லு மட்டும் குறுக்க நிக்குது பாரு, அடி பூரா அதுக்குத்தான்."

தண்ணீர் கல்லை உடைக்கும் இந்தக் கதை ஜீவிதாவுக்குப் புதிதல்ல. தினமும் போனில் பார்ப்பவள்தான். மிருகங்களை வளர்த்து மோதவிடும் விளையாட்டு; ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த நாட்களில் தொற்றிக்கொண்ட பழக்கம். அவளுடையது தவளை முகம் கொண்ட ஒரு நீர்மிருகம். ஊர்ப் பக்கத்து ஏரியின் நினைவாகத் தாமல் என்று பெயர் வைத்திருந்தாள். தாமல் வாயைத் திறந்து ஒரு பீய்ச்சு பீய்ச்சினால், எதிரே மலைபோல் நிற்கும் பாறை மிருகம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

புளுகுக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று அப்போதெல்லாம் சிரிப்பாள். கைலாசநாதர் கோயிலின் மணற்கல் சிங்கங்களை அவள் பார்க்காதவளா? அவற்றின் மூக்கைத் தேய்க்க மழைக்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இன்று அவ்வளவு நாள் பொறுக்க முடியாது.

கல் சிறுநீர் இறங்கும் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. உடையாவிட்டால் கத்திதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்லும்போது அவருக்கே நாக்கு தயங்கியது. பஞ்சாட்சரத்துக்கு இருந்தது ஒரே சிறுநீரகம். அதற்கு ஒன்று ஆகிவிட்டால், பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் கட்டில்தான். அந்தக் கட்டில் எப்படி இருக்கும் என்று ஜீவிதாவுக்குத் தெரியும்.

கொஞ்சம் முன்பு, முதுகில் களிம்பு தடவும்போது, ஜெபகுமார் அவரிடம் பேச்சுக் கொடுத்தார்.

"பொறவியிலேயே ஒண்ணுதானாண்ணா?"

"இல்லபா. இன்னொண்ணு வேற வூட்டுத் தறிக்கு வேலைக்குப் போயிருக்குது."

ஜெபகுமார் மரியாதைக்குச் சிரித்துவைத்தார். ஜீவிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

வினை தானாக வரவில்லை, அவரே தேடிக்கொண்டதுதான். தண்ணீர் குடிக்கச் சொல்லாத டாக்டர் இல்லை. ஆனால் குழித்தறியில் கால் விட்டு உட்கார்ந்துவிட்டால் பஞ்சாட்சரம் பக்கத்தில் ஒரு சொம்பு வைத்துக்கொள்ள மாட்டார். பட்டுப் பாவில் ஒரு சொட்டு சிந்தினாலும் கறை நின்றுவிடும் என்பார். குடித்தால் எழ வேண்டும், எழுந்தால் கை ஓட்டம் போய்விடும் என்பார். காலைக் காப்பியோடு இறங்குபவர் மதியச் சோற்றுக்குத்தான் ஏறுவார்.

ஆனால் தறியிலிருந்தபடியே மகளுக்குக் குரல் மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பார். பாப்பா, தண்ணி குடிச்சியா? ஊருக்குத்தான் உபதேசம்.

டக்.

மெஷின் பேச ஆரம்பித்தது.

டக். டக். டக்.

ஒவ்வொரு டக்குக்கும் பைக்குள் ஒரு குட்டி இடி. அது தோலைக் கீறாமல் நுழைந்தது, சதையைத் தொந்தரவு செய்யாமல் கடந்தது, கல்லில் போய்க் குவிந்தது. கல்லை ஒட்டிக் குமிழிகள் பிறந்து, பிறந்த வேகத்தில் நசுங்கி, அவையும் தம் பங்குக்குக் கொத்தும் என்றார் ஜெபகுமார்.

பஞ்சாட்சரத்தின் முகத்தில் ஒரு சுளிப்பு. அவ்வளவுதான். அவர் கால் மட்டும் அந்தத் தாளத்துக்கு, இல்லாத தறியின் மிதியை மிதித்துக்கொண்டிருந்தது.

நெடுநேரம் கல் அசைந்துகொடுக்கவில்லை. ஜீவிதாவின் வாய் உலர்ந்தது. கையில் பாட்டில் இருப்பதே மறந்துபோயிற்று.

பிறகு கல்லின் ஓரம் மங்கியது.

கண் ஏமாற்றுகிறதோ என்று அவள் திரையோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள். இல்லை. வாயில் ஒதுக்கிய கற்கண்டு மாதிரி கல் இளைத்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு கீறல் விழுந்தது. இரண்டாயிற்று. ஏழெட்டாயிற்று. கடைசியில் அந்த இடத்தில் ஒரு புகை மட்டும் நின்றது.

அப்பாவின் தோலில் ஒரு காயம் இல்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தாமல் பொய் சொல்லவில்லை. கும்பிட வேண்டும்போல் இருந்தது; யாரை என்றுதான் தெரியவில்லை. குவித்த கைகளுக்கு நடுவில் பாட்டில் இருந்தது. சரி, அதுவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"தூளாயிட்டுது" என்று ஜெபகுமார் கதவைத் திறந்துவிட்டார். "இனிமே தண்ணியே அடிச்சிக்கினு போயிடும்."

பஞ்சாட்சரம் மெல்லத் தலையைத் திருப்பி மகளைத் தேடினார்.

"பாப்பா, தண்ணி குடிச்சியா?"

கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன அவளுக்கு. "இன்னிக்கு நீ குடிப்பா" என்று பாட்டிலை நீட்டினாள்.

சாக்குச் சொல்லப் பக்கத்தில் தறி இல்லை. அவர் குடித்தார். கடைசிச் சொட்டு இறங்கும்வரை அவள் நகரவில்லை.

அதற்கு மேல் நிற்கவும் முடியவில்லை. காலையிலிருந்து குடித்ததெல்லாம் முட்டிக்கொண்டு நின்றது. கழிப்பறைக்கு ஓடினாள்.

ஓடும்போது, மூன்று வருடப் பழக்கத்தில், அடிவயிற்றின் வலப்பக்கத்து நீளத் தழும்பை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டாள். அதற்கு உள்ளே, அப்பாவின் இன்னொரு சிறுநீரகம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.