ஹம்ப்புக்கு முன்னால்

முதல் அறை ரமீஸின் காதில் விழுந்தது. இரண்டாவது வாயில்.

"மூணு தடவ வந்துட்டேன்டா! இன்னும் ஒவ்வொரு ஹம்ப்லயும் என் பொண்டாட்டி முகத்தச் சுளிக்கிறா. நீயெல்லாம் மெக்கானிக்கா?"

ரத்னவேல் அவன் காலரைப் பிடித்து உலுக்கினான். ஞாயிற்றுக்கிழமை. லவெண்டர் சந்துக்குள் இருந்த அந்த ஒர்க்ஷாப்பில் ரமீஸைத் தவிர யாரும் இல்லை. விலக்கிவிட ஒரு நாதியில்லை.

ரத்னவேலின் கார் தரையோடு தரையாகக் கிடக்கும். ஆசை ஆசையாய்க் கட்டை ஸ்பிரிங் போட்டுத் தாழ்த்தியிருந்தான். பார்க்க அழகுதான், யார் இல்லையென்றது? உள்ளே உட்கார்ந்து போகிறவர் இடுப்பைத்தான் கேட்க வேண்டும்.

ரமீஸும் சும்மா இருக்கவில்லை. முதல் தடவை ஷாக் அப்சார்பர் நான்கையும் மாற்றினான். அடுத்த தடவை, கார் அமுங்கும்போது முட்டுகிற ரப்பரை அளந்து வெட்டினான். டயரில் காற்றைக் கூடக் குறைத்துப் பார்த்துவிட்டான். இன்று, கம்பெனி ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டுவிடலாம் அண்ணே என்றான். அதற்குத்தான் முதல் அறை.

ரத்னவேல் ஸ்பானரை எடுத்தான். பானெட்டில் கீறல் விழுந்துவிடுமாம், அதனால் ரமீஸை மேசைக்கு இழுத்துப்போனான். இடது கையை விரித்துப் பிடித்து, சுண்டுவிரலில் ஓங்கி ஒன்று வைத்தான்.

ரமீஸ் அலறியது தெருமுனைவரை கேட்டிருக்கும். விரல் அப்போதே ஒரு பக்கமாய்த் திரும்பிக்கொண்டது.

"இன்னிக்கே சரி பண்ற. இன்னொரு தடவ அவ சுளிச்சா மிச்சம் ஒம்பதும் போயிடும்லா."

வாசலில் ரத்னவேலின் மனைவி யாமினி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பார்வை தரையிலேயே இருந்தது. பெண்டாட்டிக்கு ஒன்று என்றால் துடித்துப்போகிற மனுஷன். அவளுக்கு மட்டும் பெருமையே இல்லை போலிருக்கிறதே என்று ரமீஸுக்கு ஆத்திரம் வந்தது.

விரலைத் துணியால் கட்டிக்கொண்டு, ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள் என்று பின்சீட்டில் ஏறினான். யாமினி முன்னால் கணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கே இடிக்கிறது என்று தெரிந்தால்தானே மிச்ச விரல்கள் பிழைக்கும்?

பக்கத்து அடுக்குமாடி புளோக்கின் கார்நிறுத்தத்தில் வரிசையாக வேகத்தடை ஹம்ப்புகள். ரத்னவேல் வேகத்தைக் குறைத்தான். கியரை மாற்ற இடது கையைக் கொண்டுவந்தான்.

யாமினி சுளித்தாள். தோள் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டது, கண்கள் இறுக மூடிக்கொண்டன.

அதற்குப் பிறகுதான் டயர் ஹம்ப்பில் ஏறியது. ஏறி இறங்கியபோது அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

ரமீஸ் இரண்டாவதையும் பார்த்தான். மூன்றாவதையும் பார்த்தான். கை கியருக்கு வரும், அவள் சுளிப்பாள், பிறகு ஹம்ப் வரும். வெளியேறும் வழியில் ஹம்ப்பே கிடையாது. அங்கேயும் கை வந்தது. அங்கேயும் சுளித்தாள்.

அட பாவி! மூன்று வாரமாக எதையெல்லாம் கழற்றி மாட்டினோம் என்று ரமீஸுக்கு வயிறு எரிந்தது. அவளைப் பார்த்து எரிச்சல்பட்டதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

ஒர்க்ஷாப்புக்கு வந்ததும் பின்கதவுகள் இரண்டையும் திறந்து, குனிந்து, திருப்புளியால் என்னவோ திருகினான்.

"இப்ப நான் ஓட்டறேண்ணே. நீங்க பின்னால உக்காருங்க, அங்கதான் இடி நல்லாத் தெரியும்."

அதே ஹம்ப்பில் நாற்பதில் ஏற்றினான். கார் தூக்கிப் போட்டது. ரத்னவேலின் தலை கூரையில் 'ணங்'கென்று மோதியது. யாமினி இமைகூட அசைக்கவில்லை.

"அட! சரி பண்ணிட்டான்லா!" ரத்னவேல் தலையைத் தடவிக்கொண்டே சிரித்தான்.

ஒன்பது விரலும் தப்பியது. இப்படியே ஒர்க்ஷாப்புக்குத் திரும்பினால் கதை முடிந்தது. அவளும் இவனோடு வீட்டுக்குப் போவாள்.

ரமீஸ் திரும்பவில்லை. நேரே சிராங்கூன் ரோட்டுக்கு விட்டான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடைபாதை கொள்ளாமல் நெரிந்தது. போலீஸ் போஸ்ட்டுக்கு எதிரே சிக்னலில் சிவப்பு விழுந்தது, நின்றான்.

ரத்னவேல் சந்தோஷத்தில் முன்னால் குனிந்து, மனைவியின் தோளில் கையை வைத்தான்.

"இப்ப நோகலதானேம்மா?"

யாமினி மூச்சை இழுத்துக்கொண்டு ஜன்னலோடு ஒடுங்கினாள்.

"மறுபடியும் சுளிக்கிறா! இப்ப எதுலடா இடிச்ச?"

"எதுலயும் இல்லண்ணே. கார் நிக்குது."

பின்னாலிருந்து முழங்கை வந்து ரமீஸின் கழுத்தை வளைத்தது. சீட்டோடு சேர்த்து இறுக்கியது. ரமீஸ் திமிறவில்லை. அவள் பயந்துவிடக் கூடாதென்று இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலேயே வைத்திருந்தான். உடைந்த விரல் விண்விண்ணென்று தெறித்தது.

"அக்கா," என்றான், குரல் நசுங்கி. "உங்க கதவு திறக்கும்."

யாமினி அவன் கைகளைப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்தாள்.

கழுத்தில் இருந்த பிடி விட்டது. ரத்னவேல் இடது கதவின் கைப்பிடியை இழுத்தான், வலதுக்குப் பாய்ந்து அதையும் இழுத்தான். இரண்டும் வெறுமனே ஆடின. பின்சீட்டில் குழந்தைகள் திறந்துவிடாமல் இருப்பதற்கென்று போடுகிற பூட்டு அது. கண்ணாடியைக் குத்தினான். திரும்பி, ரமீஸின் தலையில் குத்தினான்.

யாமினி கூட்டத்துக்குள் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் கத்தின. ரமீஸ் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.