நிலாவில் இறங்காத வண்டி

“நம்ம நாட்டு வண்டி நிலாவுல இறங்கிடுச்சாம். யாரு காதுல பூ சுத்தறாங்க? எல்லாம் புளுகு.”

இஸ்திரிக்காரர் இப்படி ஆரம்பித்தால் அந்த ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் யாருக்கும் மதியச் சாப்பாடு இறங்காது. அதிலும் வாஷிங் மெஷின்களை ஓட்டும் மெஷின்காரருக்கு அறவே இறங்காது. அவர் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இங்கே வந்தவர். போனில் வருகிற படங்களைப் பெரிதாக்கி, எது நிஜம், எது போலி என்று பிரித்துச் சொல்வதில் கில்லாடி.

“அண்ணே, உலகமே நேரலையில பாத்துச்சு.”

“உலகம் பாத்தது டிவியை. நிலாவை யாரு பாத்தா? ஒரு கொட்டகையில நாலு லாரி மண்ணைக் கொட்டி லைட்டைப் போட்டா நிலா.”

“மந்திரிகூட வாழ்த்திப் பேசினாரே?”

“அதுவும் கம்ப்யூட்டர்ல செஞ்சதுதான். அந்தாளு சொந்தமா நாலு வார்த்தை கோர்வையாப் பேசி நீ கேட்டிருக்கியா?”

எல்லோரும் சிரித்தார்கள். மெஷின்காரர் சிரிக்கவில்லை.

“போன தடவை ராக்கெட் விட்டப்ப எங்களுக்கெல்லாம் மிட்டாய் குடுத்தது யாரு? நீங்கதானே?”

“அப்ப ஏமாளியா இருந்தேன். இப்பத் தெளிஞ்சிட்டேன்.”

“தெளியல. மறை கழண்டுடுச்சு,” என்று முணுமுணுத்தார் மெஷின்காரர். சில நாளாகவே இந்த மனிதர் எதைக் காட்டினாலும் புளுகு என்கிறார். அதனால் அவருக்கு ‘புளுகு’ என்றே பட்டப்பெயர் வைத்தாயிற்று.

விரிப்புகளை மடிக்கும் அக்கா மட்டும் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரமாக அப்படித்தான். அவள் வீட்டுக்காரர் அதே மந்திரியின் கார் டிரைவர். காரில் ஏதோ கீறல் விழுந்ததற்காக, அவர் நடுரோட்டில் மண்டிபோட்டு மந்திரியைக் கும்பிடுவதும், மந்திரி செருப்புக் காலால் அவர் தோளைத் தள்ளுவதும் வீடியோவாக ஊரெல்லாம் சுற்றியது. ‘அது நான் இல்ல, கம்ப்யூட்டர்ல செஞ்சிருக்காங்க’ என்று அவர் வீட்டில் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற மகள் அதை நம்பவில்லை. அப்பாவோடு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

“அண்ணன் சொல்றதும் சரிதான்,” என்றாள் அக்கா. “கம்ப்யூட்டர்ல யாரை வேணா எப்படி வேணா செய்யறாங்களாமேன்னு எம் பொண்ணுகிட்டயும் சொல்லிக்கிட்டே இருந்தேன். அப்பன் முகத்தையே பாக்காதவ, நேத்து அவருக்குத் தட்டு எடுத்து வச்சா. அவரு சாப்பிடாம அந்தத் தட்டையே பாத்துக்கிட்டிருந்தாரு.”

மெஷின்காரருக்குப் பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வந்த அன்றே அந்த வீடியோவைப் பெரிதாக்கிப் பார்த்தவர் அவர். நிழல் சரி, கார் நம்பர் சரி, டிரைவரின் புறங்கையில் இருக்கும் தழும்பு வரை சரி. உண்மையை மூடி மறைப்பது அவருக்குப் பிடிக்காது.

“அக்கா, அந்த வீடியோ...”

“அக்கா, எழுந்திரிங்க,” என்று குறுக்கே பாய்ந்தார் இஸ்திரிக்காரர். “ஆபரேஷன் தியேட்டர் விரிப்பெல்லாம் மலையாக் கெடக்கு. ஒரு முனையை நீங்க பிடிங்க, ஒரு முனையை நான் பிடிக்கறேன்.” கையோடு அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

இவர்களை மாதிரி ஆட்கள் இருக்கும்வரை இந்த நாடு உருப்பட்டாற்போலத்தான் என்று மெஷின்காரர் பல்லைக் கடித்தார்.

மாலையில் வால்வை மூடுவதற்காக பாய்லருக்குப் பின்னால் போனார். அங்கே அழுக்குத்துணி வண்டியின் விளிம்பில் இஸ்திரிக்காரர் உட்கார்ந்திருந்தார். கையில் போன், சத்தம் அணைக்கப்பட்டிருந்தது. திரையில் அந்த நிலா வண்டி மெல்ல மெல்லக் கீழே வந்துகொண்டிருந்தது. அது நிலாவின் தரையைத் தொட்டதும் மனிதர் வாயைப் பொத்திக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. பிறகு மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினார்.

“அண்ணே.”

இஸ்திரிக்காரர் போனை மறைக்கவில்லை. “என்ன அழகா இறங்குது பாத்தியா, தம்பி?”

“அப்புறம் எதுக்கு அவ்வளவு பேச்சு?”

“இது நிஜம், அந்த வீடியோ மட்டும் பொய்னு சொன்னா அக்கா நம்புவாங்களா? அதான் ஒண்ணு விடாம எல்லாத்தையும் பொய்யாக்கிட்டேன். நிலா என்ன, கோவிச்சுக்கவா போகுது?”

மெஷின்காரர் வால்வை மூடிவிட்டுக் கூடத்துக்குத் திரும்பினார். மதியம் அக்காவிடம் அதைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது அவருக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

மடிப்பு மேசையருகே அக்கா, போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

“தம்பி, எம் பொண்ணு லைன்ல இருக்கா. அது நிஜ வீடியோதான்னு கிளாஸ்ல யாரோ அடிச்சுச் சொல்லிட்டாங்களாம். இனிமே வீட்டுக்கே வர மாட்டேன், சித்தி வீட்டுக்குப் போறேங்கறா. விவரம் தெரிஞ்சவங்க சொன்னாத்தான் கேப்பாளாம். நீ அதை நல்லாப் பாத்தியாமே?”

“பாத்தேங்க்கா.”

“அப்பப் பாத்ததைப் பாத்த மாதிரியே சொல்லிடு, தம்பி. அது போதும்.”

போனைக் கையில் திணித்தாள். மெஷின்காரர் அதைக் காதில் வைத்தார்.

“மாமா... அது எங்கப்பாதானா?”

“நல்லாப் பெரிசாக்கிப் பாத்தேம்மா,” என்றார் மெஷின்காரர். “அது உங்கப்பா இல்ல.”