விழாத பால்பல்

“வாயை நல்லாத் திற, டெல்மா.” ஸ்டூலை உருட்டிக்கொண்டு வந்து, விளக்கை இழுத்துப் பிடித்துக் குனிந்து பார்த்தார் வெர்ன். “அடடா, இப்படி ஆடுதே!”

“அறுபது வயசுல பால்பல் ஆடுறது எனக்கு மட்டும்தான். முதல்ல கண்டுபிடிச்சதே நீதானே?”

“காலேஜ் லைப்ரரியில. டென்டல் என்ட்ரன்ஸுக்குப் படிச்சிட்டிருந்தேன். எதிர்ல நீ கொட்டாவி விட்டே.”

“சாயங்காலம் பூரா என் வாயையே பார்த்தே. முத்தம் கேக்கப் போறியோன்னு நினைச்சேன். ‘உனக்கு ஒரு பால்பல் இன்னும் விழலை’ன்னு சொன்னே, மண்டு!”

“என்ட்ரன்ஸ்ல சாக்பீஸ் செதுக்கச் சொல்வாங்கன்னு, கை பழக அதே பல் மாதிரி ஒண்ணு செதுக்கிக் குடுத்தேனே?”

“அதுக்காகத்தான் மன்னிச்சேன்.”

கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டு அணிந்த இளம்பெண் உள்ளே வந்து சிரித்தார். “சார், அது என் ஸ்டூல்.”

வெர்ன் அசடு வழிய எழுந்தார். அவருடைய டயர் கடைச் சட்டையில் கிரீஸ் கறை.

“மன்னிச்சுக்குங்க டாக்டர். நானும் இந்தப் படிப்புக்கு இன்டர்வியூ வரைக்கும் போனவன்.”

“அப்படியா! என்ன கேட்டாங்க?”

“எதுக்காக டென்டிஸ்ட் ஆகணும்னு கேட்டாங்க. ஒரு பொண்ணோட பால்பல்லை ஆயுசு முழுக்கப் பார்த்துக்கணும்னு சொல்லிட்டேன்.”

“ஐயோ! சீட் குடுத்தாங்களா?”

“எங்கே குடுத்தாங்க!”

டாக்டர் ஈறு மரத்துப்போக ஊசி போட்டு, பல்லை எடுத்து டெல்மாவிடம் நீட்டினார். வாயில் பஞ்சைக் கடித்திருந்ததால் டெல்மாவால் பேச முடியவில்லை. பல்லை வெர்னின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.