பல்பொடிப் பாட்டின் சோகம்

பழைய இசைத்தட்டுக் கடை ஒன்றில் ஓர் அட்டை உறை இருந்தது. அதற்குப் பாட வராது. பாட்டு பிறந்த கதையை மட்டும் மூச்சு விடாமல் சொல்லும்.

“காதலி கப்பலேறிப் போன அன்று, துறைமுகத்தில் நின்றபடியே போட்ட மெட்டு இது. பாடகி பாதியில் விம்மிவிட்டாள். அந்த விம்மலை அப்படியே பாட்டில் விட்டுவிட்டார்கள்” என்று உறை சொல்லும். சுவர்ப் பல்லி உச்சுக்கொட்டும்.

உறைக்குள் இருந்த இசைத்தட்டுக்கு ஒருநாள் பொறுக்கவில்லை. “அண்ணே, கடைக்காரர் தட்டை மாற்றிப் போட்டுவிட்டார். நான் பல்பொடி விளம்பரம்” என்றது.

“சும்மா கிட. உன் பின்னணி உனக்கு எங்கே தெரியப்போகிறது?” என்றது உறை.

அன்று மாலை கடைக்காரர் தட்டை எடுத்துச் சுழலவிட்டார். உறையின் மானம் இன்றோடு போயிற்று என்று தட்டுக்கு ஒரே குஷி. “பல்லைத் தேய், பளிச்சென்று சிரி!” என்று குரலெடுத்துப் பாடியது.

பல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. “அந்தப் ‘பளிச்’சில்தான் எவ்வளவு வலி! விம்மலை அடக்கிக்கொண்டு பாடியிருக்கிறாள், பாவம்.”

“கப்பல் கண்ணுக்கு மறையும் இடம் அது” என்றது உறை, கொஞ்சமும் அசராமல்.

கடைக்காரரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஊசியை மறுபடி முதலிலிருந்து வைத்தார்.

இந்தத் தடவை ‘பளிச்’ வந்தபோது தட்டே விம்மிவிட்டது.