சிலேட்டில் எழுதாதது

“நாளைக்குக் காலையில எங்க அக்கா வீட்டுக்குப் போறேன் தம்பி. இனிமே திரும்பி வர மாட்டேன்.”

தேநீரை வாய்க்குக் கொண்டுபோன விருந்தாளி, கோப்பையை அப்படியே கீழே வைத்தான். ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்று படம் வரைந்துகொண்டிருந்த அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தான்.

“மெதுவாப் பேசுங்க அண்ணி!”

“எதுக்கு? பக்கத்துல இடி விழுந்தாலும் உங்க அண்ணனுக்குக் கேக்காது. ஒன்பது வருஷமாச்சு.”

ஒரு காலத்தில் அவருக்குப் பெயரே ‘சூறாவளி’. அவர் ராக் பாட்டை ஆரம்பித்தால் கூட்டம் நாற்காலி மேல் ஏறி நிற்கும். அதே குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவன்தான் இந்த விருந்தாளி. வேலை வேலை என்று வெளியூரிலேயே இருந்துவிட்டு, இன்றைக்குத்தான் வந்திருக்கிறான்.

சூறாவளி இப்போது ஓவியர். அதிலும் எல்லாரையும் போல இல்லை. மேடையில் போட்ட தோல் ஜாக்கெட்டை மாட்டினால்தான் தூரிகையைத் தொடுவார். வண்ணம் குழைக்கத் தட்டு கிடையாது. பழைய மின்கிட்டாரின் கம்பிகளைப் பிடுங்கிவிட்டு, அதன் வயிற்றில்தான் குழைப்பார். படத்தில் ஒரு மரம், ஒரு முகம் இருக்காது. வரிசை வரிசையாக வண்ணப் பொட்டுகள்தான். பல் டாக்டர்கள் காத்திருப்பு அறையில் மாட்ட வாங்கிப் போவார்கள்.

“அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?”

அவள் சுவரில் தொங்கிய சிலேட்டைக் காட்டினாள். “அதுல எழுதணும். மூணு நாளா சாக்பீஸை எடுக்கறேன், வைக்கறேன். கை வர மாட்டேங்குது.”

சிலேட்டில் அவள் எழுதுவதெல்லாம் ‘நீங்கள்’தான். ‘சாப்பிட வாருங்கள்.’ ‘குளிருக்கு மேலே ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள்.’ முதுகோடு பேசும்போது மட்டும் ‘நீ’. ஒன்பது வருடமாக அந்த முதுகிடம் அவள் சொல்லாதது இல்லை. திட்டியிருக்கிறாள், அழுதிருக்கிறாள். ஒருநாள், ‘உன்னை விட்டா எனக்கு யாருடா இருக்கா?’ என்றுகூடக் கேட்டிருக்கிறாள். எல்லாம் கேட்காத காது என்கிற தைரியம்தான்.

“பாரு, உன் சிநேகிதன் வந்திருக்கான். ஒரு வாய் டீ குடிச்சாத்தான் என்ன? கல்லு மாதிரி நிக்கறே!” என்றாள் இப்போதும்.

தூரிகை நிற்கவில்லை.

“அண்ணன் நல்லவர் அண்ணி.”

“நல்லவர்தான். யாரு இல்லேன்னா? போன மாசம் செருப்பு வார் அறுந்துபோச்சுன்னு புலம்பிக்கிட்டே படுத்தேன். காலையில தைச்சு வச்சிருந்தார். காதுக்கும் சேர்த்துக் கண்ணைக் கொடுத்திருக்கான் கடவுள். ஆனா நான் சொன்ன அந்த வார்த்தை இந்த வீட்டுக்குள்ளயே கிடக்கே, தம்பி.”

எந்த வார்த்தை என்று அவன் கேட்கவில்லை. அன்றைக்கு அவனும் அங்கே இருந்தவன்தான்.

அப்போது அவர்கள் குழந்தைக்கு ஆறு மாதம். ஜுரம் என்று அவள் மருந்துக்கடைக்கு ஓடியிருந்தாள். அவர் பக்கத்து அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு புதுப் பாட்டுக்கு மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். குழந்தை வீறிட்டது எதிர்வீடு வரை கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை. அவள் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

‘பெத்த பிள்ளை அழுதது கேக்காத காது இருந்தா என்ன, போனா என்ன?’ என்று எல்லார் முன்னாலும் கத்தினாள்.

பத்தாம் நாள் அவர் ஒரு தாளில் எழுதி நீட்டினார்: ‘எனக்குக் காது கேட்கவில்லை.’ காதில் கோளாறு எதுவும் இல்லை, அதிர்ச்சியாக இருக்கும் என்றார் டாக்டர். அதோடு பாட்டும் போயிற்று, பேச்சும் போயிற்று.

“என் வாய்தான் அவர் காதை வாங்கிடுச்சு. தினம் தினம் அந்த முதுகைப் பார்த்துக்கிட்டே என்னால இருக்க முடியல.”

விருந்தாளி எழுந்து ஓவியத்தின் பக்கம் போனான்.

“இது எப்ப ஆரம்பிச்சது அண்ணி?”

“நான் அக்காவுக்கு போன் பண்ணினேன் பாருங்க, அன்னைக்கு. மூணு நாளா சோறு தண்ணிகூட சரியா இல்ல.”

அவன் கிட்டாரின் கழுத்தைத் தடவினான். “நாங்க ஒட்டின கலர் டேப் அப்படியே இருக்கு. எங்க யாருக்கும் இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது அண்ணி. ஒரு சுரத்துக்கு ஒரு கலர். ‘சிவப்புக்குப் போடா, பச்சையில நில்லுடா’ன்னுதான் அண்ணன் சொல்லிக்கொடுப்பார்...”

டேப்பைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான்.

“அண்ணி, இது படமே இல்ல. பாட்டு!”

சிவப்பு, மஞ்சள், மறுபடி சிவப்பு, நீலம். பொட்டுகளை விரலால் தொடர்ந்தபடி மெட்டைத் தட்டுத்தடுமாறிப் பாடினான். முதல் வரிசை முடிந்தது. இரண்டாவது வரிசைக்கு அவன் விரல் இறங்குவதற்குள், மீதி மெட்டை அவளே முனகி முடித்தாள்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்? அண்ணன் அந்தக் காலத்துல போட்டதா?”

“அவரோடது இல்ல. நான் கட்டின தாலாட்டு. பிள்ளை போய் ரெண்டு வருஷம் கழிச்சு... பாத்திரம் கழுவும்போது மட்டும் பாடுவேன். ஒருத்தர்கிட்டயும் பாடிக் காட்டினதில்ல.”

ஜன்னலோரம் தூரிகை நின்றுவிட்டிருந்தது. அந்த முதுகைப் பார்த்து, ஒன்பது வருடத்தில் முதல்முறையாக, அவள் மரியாதையாகக் கேட்டாள்:

“எல்லாமே... கேட்டுச்சா உங்களுக்கு?”

அவர் திரும்பவில்லை, தலை மட்டும் ‘ஆமாம்’ என்று மெல்ல அசைந்தது.