பயிற்சியின் இரண்டாம் பகுதி

மொழிபெயர்ப்பாளராக மேல்மாடி மண்டபத்துக்குள் நுழைந்ததும் செருப்புகள்தான் முதலில் அவள் கண்ணில் பட்டன.

றப்பர் செருப்புகள். குதியில் செம்மண். உத்தியோகத்தர்கள் இப்படியா பயிற்சிக்கு வருவார்கள்?

நிமிர்ந்து முகங்களைப் பார்த்தாள்.

காலையில் கீழே, அலுவல் பார்க்கக் கந்தோர் வாங்குகளில் உட்கார்ந்து காத்திருந்த அதே முகங்கள்.

இப்போது ஒவ்வொரு கழுத்திலும் ஓர் அட்டை தொங்கியது. முன்வரிசையில் இருந்த பெண்ணின் அட்டையில் ‘தொழில்நுட்ப உத்தியோகத்தர் ச. கிருபாகரன்’ என்றிருந்தது. அந்தப் பெண் அதைச் சேலைத் தலைப்பால் மூடப் பார்த்தாள்.

மொழிபெயர்க்க வந்தவளுக்கு விளங்கிவிட்டது. பயிற்சி என்றதும் உத்தியோகத்தர்கள் லீவு போட்டுவிட்டார்கள். கதிரைகளை நிரப்ப ஆள் வேண்டும். சனம்தான் கீழே சும்மா இருக்கிறதே.

வெளிநாட்டு மதிப்பீட்டாளருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எல்லாருக்கும் பொதுவாகச் சிரித்தார். இங்கே அரச ஊழியர்களைப் பயிற்றுவிக்கத் தன் நாடு கூட்டுச் சேரலாமா என்று பார்த்துச் சொல்ல வந்தவர்.

பலகையில் அன்றைய பாடம் எழுதியிருந்தது.

‘பொதுமக்கள் சொல்வதைக் கனிவோடு கேட்டல்.’

பக்கத்தில் கந்தோருக்குப் பொறுப்பான செயலாளர் குலவீரசிங்கம் கை கட்டி நின்றார். அவளை இனிமேலும் வேலைக்குக் கூப்பிடுவதா என்று முடிவெடுக்கிறவரும் அவர்தான்.

மதிப்பீட்டாளர் முன்வரிசைப் பெண்ணிடம் குனிந்தார். உங்கள் வேலையில் எது மிகவும் கஷ்டம் என்று கேட்டார்.

அவள் அதைத் தமிழில் கேட்டாள்.

அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

“எனக்கு என்ன வேலை, பிள்ளை. என்ர மகளுக்குத் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில சோதினை. அடையாள அட்டை இன்னும் வரேல்லை. படம் ஒட்டின கடிதத்தில இந்தச் செயலாளர் ஐயா ஒரு கையெழுத்து வைச்சால் காணும். கிழமை முழுக்க வாறன். இண்டைக்கு வெள்ளி. மேல வந்து இருங்கோ, வாங்கித் தாறன் எண்டு பியோன் தம்பிதான் கூட்டிக்கொண்டு வந்தவர். கடிதம் இல்லாட்டி அவளைச் சோதினைக்கு விடமாட்டினமாம்.”

செயலாளர் தொண்டையைச் செருமினார்.

“பயிற்சி நல்ல பிரயோசனமாம் எண்டு சொல்லும், தங்கச்சி,” என்றார், உதடு அசையாமல்.

அந்தத் ‘தங்கச்சி’ அவள் காதில் எச்சில் போல ஒட்டியது.

எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு சொல் விடவில்லை. பியோனையும் விடவில்லை.

மதிப்பீட்டாளர் அசையாமல் கேட்டார். கண்கள் கூடக் கலங்கின.

பிறகு கை தட்டினார்.

இப்படி உயிருள்ள ஒரு நடிப்புப் பயிற்சியை எந்த நாட்டிலும் பார்த்ததில்லையாம். அந்தப் பியோன் வருகிற இடம் அபாரமாம். இவர்களோடு தாராளமாகக் கூட்டுச் சேரலாமாம்.

“இது நடிப்பு இல்லை,” என்றாள் அவள்.

அவர் இன்னும் பெரிதாகச் சிரித்தார். ஓ, உங்களுக்கும் ஒரு பாத்திரம் உண்டா என்றார்.

செயலாளர் அடக்கமாகத் தலை குனிந்தார். எல்லாம் நாங்களே எழுதியது என்றார், நல்ல ஆங்கிலத்தில்.

வெள்ளைக்காரர் தட்டுகிறார் என்று சனமும் தட்டியது.

அந்தப் பெண் மட்டும் தட்டவில்லை.

“என்னவாம், பிள்ளை? சரிவந்திட்டுதோ?”

அவள் அவர் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தாள்.

“நீங்கள் நல்லா நடிக்கிறீங்களாம், அம்மா.”

தட்டிய கைகள் நின்றன.

அந்தப் பெண் திரும்பக் கதிரையில் இருக்கவில்லை. கடிதத்தை மார்போடு பிடித்தபடி அப்படியே நின்றாள்.

மொழிபெயர்க்க வந்தவள் மதிப்பீட்டாளர் பக்கம் திரும்பினாள். வாய் கசந்தது. அந்த வாயாலேயே சிரித்தாள்.

பயிற்சி இன்னும் முடியவில்லை, ஐயா. இது முதற் பகுதிதான். இரண்டாம் பகுதியில், அதிகாரி நின்ற இடத்திலேயே கையெழுத்து வைப்பார் என்றாள், ஆங்கிலத்தில்.

மதிப்பீட்டாளர் உடனே படமெடுக்கத் தயாரானார்.

செயலாளர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவளுக்கு இனி இங்கே வேலை இல்லை. பிறகு கமெராவைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார்.

கனிவோடு கையெழுத்து வைத்தார்.

“முத்திரையும் உண்டு,” என்றாள் அவள்.

பியோன் கீழே ஓடினான். ஓடி வந்தான். அதையும் மதிப்பீட்டாளர் படமெடுத்தார்.

அந்தப் பெண் கடிதத்தை வாங்கி, மை காய ஊதினாள். யாரையும் கும்பிடவில்லை. கழுத்து அட்டையைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டு, படிகளில் விறுவிறுவென்று இறங்கிப் போனாள்.

பின்வரிசையில் ஒரு முதியவர் எழுந்தார். மடித்த கடதாசி ஒன்றை இடுப்பிலிருந்து எடுத்து, மெல்ல விரித்தார்.

“பிள்ளை, நானும் நடிப்பன்.”

அவருக்குப் பக்கத்தில் இருந்தவளும் எழுந்தாள். அதற்குப் பின்னால் இன்னொருவர்.

“என்ன சொல்கிறார்கள்?” மதிப்பீட்டாளர் ஆவலோடு கேட்டார்.